வன்னியில் இருந்து ட்ராக் சைக்கிளோட்டம்: வெலோட்றோம் இல்லாமல் எங்கே தொடங்குவது?

குளக்கட்டு எழுதியது:

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் நாளுக்கு எட்டு, பத்துக் கிலோமீற்றர் உழக்கிப் பள்ளிக்கூடம் போய்வருகிற பிள்ளைகள் நிறையப் பேர். இதிலிருந்து ட்ராக் (வட்டப்பாதைச் சைக்கிளோட்டம்) ஓட்டக்காரர்களை உருவாக்க ஒரு கிராமத்து விளையாட்டுக் கழகம் என்ன செய்யலாம்? 14 முதல் 16 வயது வரையான பிள்ளைகள், ஒரு 400 மீற்றர் புல் மைதானம், சாதாரண சைக்கிள்கள். கையில் உள்ளது இவ்வளவுதான். பிரித்தானியா, மலேசியா, ஹொங்கொங் எல்லாம் எப்படி மேலே வந்தன, அதில் எது எங்களுக்குப் பொருந்தும் என்று விபரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கோ. வெலோட்றோம் (வளைவுகள் சரிந்த சைக்கிளோட்ட அரங்கு) கட்டும்வரை காத்திருப்பதா, இப்போதே தொடங்குவதா என்பதுதான் முதல் கேள்வி.

வாடைக்காற்று எழுதியது:

இப்போதே தொடங்குங்கோ. வெலோட்றோம் வந்த பிறகுதான் பதக்கம் வரும் என்ற எண்ணத்துக்கு ஆசியாவிலேயே மறுப்பு இருக்கிறது. ஹொங்கொங்கின் லீ வாய்-ஸீ 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கெய்ரின் (மோட்டார் வண்டியின் பின்னால் தொடங்கிக் கடைசிச் சுற்றுகளில் முந்தும் ஓட்டம்) வெண்கலம் எடுத்தபோது அந்த ஊரில் உள்ளரங்க வெலோட்றோம் திறக்கப்படவில்லை. மலேசியாவின் அசிசுல்ஹஸ்னி அவாங் 2016 ரியோவில் வெண்கலம் எடுத்ததும் அப்படித்தான். அங்கே நீலாய் நகரில் உள்ளரங்கப் பாதை அதற்குப் பிறகே வந்தது. அவர் ஓட்டக்காரராக வளர்ந்தது மெல்பேணில், ஜோன் பீஸ்லி என்ற ஒரே பயிற்றுநரிடம். மறுபக்கம் டில்லியைப் பாருங்கோ. 2010 பொதுநலவாய விளையாட்டுக்காக மரப்பாதையோடு வெலோட்றோம் கட்டினார்கள். இந்திய இளையோர் அணி உலக இளையோர் போட்டியில் அணி ஸ்பிரிண்ட் (குறுந்தூர வேக ஓட்டம்) தங்கம் எடுத்தது 2019இல். அந்த அணியில் அந்தமானில் இருந்தும் மணிப்பூரில் இருந்தும் வந்த பையன்கள் இருந்தார்கள். கட்டடத்துக்கும் தங்கத்துக்கும் இடையில் ஒன்பது வருசம். ஆட்களைத் தேடிப் பிடித்து, ஒரு இடத்தில் தங்கவைத்து, வருசக்கணக்காகப் பழக்க அவ்வளவு காலம் எடுக்கும்.

பிரித்தானியாவின் கதையையும் சரியாகப் பிரித்துப் பார்க்க வேணும். 1992 பார்சலோனாவில் கிறிஸ் போர்ட்மன் தங்கம் எடுத்தார். அது ஒரு தனி ஆளின் வெற்றி. 1996 அட்லாண்டாவில் அவர்களுக்கு ட்ராக்கில் ஒரு பதக்கம்கூட இல்லை. மான்செஸ்டர் வெலோட்றோம் 1994இலேயே திறந்தாயிற்று என்பதைக் கவனியுங்கோ. 1997இல் லொத்தர்ப் பணம் வந்தது. பீற்றர் கீன் என்ற பயிற்றுநர் பொறுப்பெடுத்தார். காசைப் பத்துத் துறைக்கும் பங்கிடாமல், மணிக்கூட்டோடு மட்டும் மோதுகிற ட்ராக் போட்டிகளில் போட்டார்கள். அங்கே தந்திரமும் அதிர்ஷ்டமும் குறைவு. எத்தனை செக்கன் குறைக்க வேணும் என்று முன்கூட்டியே எழுதிவைத்து வேலை செய்யலாம். 2000 சிட்னியில் ஜேசன் குவீலி ஒரு கிலோமீற்றரில் தங்கம், 2004இல் ட்ராக்கில் இரண்டு, 2008 பீஜிங்கில் பத்துத் தங்கத்தில் ஏழு.

ஆக, உங்களுக்குப் பொருந்துவது மூன்று: ஒரு போட்டி வகையைத் தெரிவு செய்வது, எல்லாரும் ஒரே இடத்தில் ஒரே பயிற்றுநரிடம் பழகுவது, எல்லாவற்றையும் அளந்து கொப்பியில் எழுதுவது. என்னுடைய தெரிவு ஸ்பிரிண்ட் பக்கம்தான். ஆட்கள் குறைவாகப் போதும், ஆசியாவில் சிறிய அணிகள் மேலே வந்த வழியும் அதுதான்.

சில்லுக்காரன் எழுதியது:

சைக்கிளைப் பற்றி மட்டும் சொல்லுறன். ட்ராக் சைக்கிளில் பிறீவீல் (காலை நிப்பாட்டினாலும் சில்லைச் சுத்த விடுற பல்) இல்லை, பிரேக் இல்லை. பின்பல் சில்லோட சேர்ந்து சுத்தும். சில்லு சுத்தும் மட்டும் காலும் சுத்தும்.

சாதாரண லுமாலா சைக்கிளில பிறீவீலைக் கழட்டிப்போட்டு, அந்த மரையிலேயே ட்ராக் பல்லை முறுக்கி ஓடலாம் எண்டு சில பேர் சொல்லுவினம். மரை பொருந்தும். ஆனா செய்யாதேங்கோ. காலால பின்னுக்கு அழுத்தி வேகத்தைக் குறைக்கேக்க அந்தப் பல் கழண்டு வரும். உண்மையான ட்ராக் ஹப்பில (சில்லின்ர நடுக்குடத்தில) இரண்டு படி மரை இருக்கும்: உள்ளுக்குப் பல்லுக்கு வலது மரை, வெளியில பூட்டு வளையத்துக்கு இடது மரை. பல் கழலப் பார்த்தா வளையம் இன்னும் இறுகும். அதனால கழகக் காசில முதல் வாங்க வேண்டியது பின் ஹப்பும் பூட்டு வளையமும். காபன் பிறேமுக்கு அவசரமே இல்லை. சில்லுக் கட்டுறதுக்கு முதல் பிறேமின்ர பின்கவட்டு (பின்சில்லு பூட்டுற இடம்) அகலத்தை அளவுங்கோ. ட்ராக் ஹப் பொதுவா 120 மி.மீ.

பின்கவட்டு பின்பக்கம் திறந்த பிறேமாப் பாருங்கோ. செயினைச் சில்லை இழுத்துத்தான் இறுக்கிறது. செயின் நடுவில மேலும் கீழுமா ஒரு செ.மீ. அசைவு இருக்கட்டும். கிராங்கை (பெடல் தண்டை) ஒரு முழுச் சுத்துச் சுத்தி, எங்க இறுக்கம் கூட எண்டு பார்த்து, அந்த இடத்தில அளவுங்கோ. முன்பல் எப்பவும் முழு வட்டமா இருக்காது. தளர்வா விட்டா செயின் விழும், விழுந்தா சில்லு பூட்டுப்படும் அல்லது வேகம் குறைக்க வழியே இருக்காது. நட்டை இரண்டு பக்கமும் மாறி மாறி இறுக்குங்கோ. நிண்ட இடத்தில இருந்து பலமா உழக்கேக்க சில்லு இடப்பக்கம் இழுபட்டு பிறேமில உரசுறது நட் சரியா இறுகாததாலதான். பல்வாசரும் செயின் அட்ஜஸ்டரும் போட்டா நிக்கும்.

புல்லுக்கு முன்பல் 44, பின்பல் 18 காணும். ஒரு சுத்துக்கு ஐந்து மீற்றரும் கொஞ்சமும் போகும். தார் றோட்டில 48க்கு 15 போடலாம், அது 6.7 மீற்றர். றோட்டில ஓடுறதெண்டா முன் பிரேக் கட்டாயம். ட்ராக் சைக்கிளுக்குப் பிரேக் இல்லைத்தானே எண்டு கழட்ட விடாதேங்கோ. கிராங் 165 மி.மீ. எடுங்கோ, வளைவில சரிக்கேக்க பெடல் நிலத்தில அடிக்காது.

பிறீவீல் பழக்கம் உள்ள பிள்ளை களைச்சவுடன காலை நிப்பாட்டும். நிப்பாட்டினா பின்சில்லு ஆளைத் தூக்கி எறியும். முதல் இரண்டு கிழமை மெதுவா, புல்லில மட்டும், சுத்திக்கொண்டே நிக்கப் பழக்குங்கோ.

நெடுங்கேணி எழுதியது:

வாடைக்காற்று அண்ணா சொன்ன அமைப்புச் சரி. ஆனால் ஸ்பிரிண்ட் தெரிவை நான் ஏற்க மாட்டேன். 250 மீற்றர் மரப்பாதையின் வளைவு 42 பாகைக்கு மேல் சரிவு. மேலே ஏறி, அந்தச் சரிவில் இறங்கி வேகம் எடுப்பதுதான் ஸ்பிரிண்டின் பாதித் திறமை. 200 மீற்றரைப் பத்து செக்கனில் முடிக்க மணிக்கு 72 கி.மீ. வேணும். தட்டையான புல்லில் அதைப் பழக்க முடியாது. நீண்ட தூரப் பக்கம் அப்படியல்ல. ஒம்னியத்தில் நாலு போட்டி, ஒரே நாளில்: ஸ்கிராட்ச் (முதலில் முடிப்பவர் வெல்வது), டெம்போ (சுற்றுக்குச் சுற்று முந்துபவருக்குப் புள்ளி), எலிமினேஷன் (கடைசி ஆள் வெளியேறுவது), புள்ளி ஓட்டம் (இடையிடையே வரும் வேக ஓட்டங்களுக்குப் புள்ளி). கூட்டத்துக்குள் இடம் பிடிப்பது, முன்னால் உள்ள சில்லை விடாமல் ஒட்டி ஓடுவது, புள்ளிக்கணக்கை மனதில் வைத்திருப்பது எல்லாம் 400 மீற்றர் மைதானத்தில் பழகலாம். எலிமினேஷனுக்குப் பத்துப் பேர் போதும்: ஒவ்வொரு சுற்றிலும் கடைசியாக வருபவர் வெளியே. கடைசி ஆளைத் தீர்மானிப்பது பின்சில்லின் பின்விளிம்பு.

ஆள் தெரிவுக்கு ஸ்டொப்வாட்ச் கையால் அமர்த்துவதை நம்பாதேங்கோ. கை 0.2 செக்கன் பிசகும். 12 செக்கனில் 200 மீற்றர் ஓடும் பிள்ளைக்கு அது மூன்று மீற்றருக்கு மேல். கோட்டுக்கு நேரே கைத்தொலைபேசியை நிறுத்தி, செக்கனுக்கு 60 படம் எடுக்கும் வீடியோவில் படம் படமாக எண்ணுங்கோ. மூன்று அளவு போதும்: நின்ற இடத்திலிருந்து 100 மீற்றர், ஓடிவந்து 200 மீற்றர், நின்ற இடத்திலிருந்து 3 கிலோமீற்றர். ஆறு கிழமை பழக்கிவிட்டு மறுபடி அளவுங்கோ. முதல் நாளில் முதலாவதாக வந்த பிள்ளையைவிட, ஆறு கிழமையில் கூட முன்னேறிய பிள்ளையை நான் எடுப்பேன். முதல் நாள் வெற்றி பல நேரம் மற்றவர்களுக்கு முந்தி வளர்ந்துவிட்ட உடம்பின் வெற்றி.

சோழகம் வீசும் மாதங்களில் விடிய ஆறு மணிக்கு முதல் அளந்து முடியுங்கோ. றோட்டில் என்றால் இரு திசையும் ஓடவிட்டுச் சராசரி எடுங்கோ. ஏ9 வீதி வேண்டாம், லொறிகள் அதிகம். உள்வீதிகளில் காலபோக அறுவடை முடிந்தால் நெல் காயும், மாடு படுத்திருக்கும். முதலில் ஒரு ஆள் மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்து வரட்டும்.

உடம்பு நிலைக்கு நேரம் செலவழியுங்கோ. மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் நிமிர்ந்து இருக்கும் பிள்ளைக்குக் காற்றை வெல்ல 340 வாற் அளவில் வேணும். தோளைக் குறுக்கி, முழங்கையை மடித்து, தலையைத் தாழ்த்தினால் 250க்குக் கிட்ட வரும். எந்தச் சைக்கிளும் இவ்வளவு தராது. ஐரோப்பிய வெலோட்றோம்களை 28 பாகைக்குச் சூடாக்குவதும் இதே காரணத்துக்காகத்தான், சூடான காற்று அடர்த்தி குறைவு. வன்னி வெயில் அதை இலவசமாகத் தருகிறது. தண்ணீரும் உப்பும் மட்டும் கவனம்.

குளக்கட்டு எழுதியது:

மூவருக்கும் நன்றி. பெண்பிள்ளைகளுக்கும் இதே முறையா? சாதாரண தரப் பரீட்சை வந்ததும் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள், அதற்கு என்ன வழி? மைதானத்தில் நெருஞ்சி முள் வேறு.

வாடைக்காற்று எழுதியது:

நெடுங்கேணி சொன்ன சரிவுக் கணக்கு நியாயம். மரப்பாதை கிட்டாதவரை ஒம்னியம் பக்கம் தொடங்குவதே சரி என்று நானும் சொல்வேன். 100 மீற்றர் அளவில் தனியாகத் தெரிகிற பிள்ளையை மட்டும் ஸ்பிரிண்டுக்குக் குறித்து வையுங்கோ.

பெண்பிள்ளைகளுக்கு இன்னும் கூடுதல் கவனம் கொடுங்கோ. அங்கே போட்டி போடுபவர்கள் குறைவு, முன்னேற்றம் விரைவாகத் தெரியும். 2024 பரிஸ் ஒலிம்பிக்கில் ட்ராக்கில் ஆறு போட்டி ஆண்களுக்கு, ஆறு பெண்களுக்கு. பிரித்தானியாவின் லிசி ஆர்மிற்ஸ்ரெட்டைப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சோதித்த குழுதான் கண்டெடுத்தது. ரெபேக்கா றொமேரோ படகோட்டத்தில் 2004 வெள்ளி எடுத்தபிறகு சைக்கிளுக்கு மாறி 2008இல் தங்கம் எடுத்தார். உங்கள் பக்கத்தில் 800 மீற்றர், 1500 மீற்றர் ஓடும் மாணவிகளையும் கூப்பிட்டு அளவுங்கோ.

பரீட்சைக் காலத்துக்குக் கிழமையில் மூன்று நாள், 40 நிமிசம் என்று குறையுங்கோ, நிறுத்தாதேங்கோ. வேகம் அப்படியே இருக்கட்டும், தூரத்தை மட்டும் வெட்டுங்கோ. பெற்றோரிடம் அந்த அட்டவணையை எழுதிக் கொடுங்கோ. 18 வயதுக்குப் பிறகு இந்த நாட்டில் ஓட்டக்காரருக்குச் சம்பளத்தோடு இடம் கொடுப்பது பெரும்பாலும் முப்படைக் கழகங்கள்தான். எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு அது இலகுவான முடிவு அல்ல. அதனால் மாவட்ட விளையாட்டு உத்தியோகத்தரிடம் இப்போதே பெயர்களையும் நேரங்களையும் கொடுத்து, தேசியச் சங்கத்தின் போட்டிகளில் கழகப் பெயரில் பதிய வழி கேளுங்கோ.

சில்லுக்காரன் எழுதியது:

நெருஞ்சிக்கு: பழைய ரியூப்பை நீளமா வெட்டி ரயருக்கும் ரியூப்புக்கும் நடுவில விரியுங்கோ. பாரம் கூடும், பழக்கத்துக்குப் பரவாயில்லை, அளவெடுக்கிற நாளில மட்டும் கழட்டுங்கோ. ஓடி முடிஞ்சவுடன ஈரத்துணியால ரயரைச் சுத்தித் துடைச்சா முள் உள்ளுக்கு இறங்க முதல் எடுபடும். மழை விட்ட பிறகு, காய் முத்த முதல், பாதை அகலத்துக்குச் செடியை வேரோட பிடுங்கி எரியுங்கோ. ஒரு வருசம் விட்டா அடுத்த வருசம் இரண்டு மடங்கு நிக்கும்.