கோயில் சடங்குக்குப் பறை அடிக்க மறுத்தால் எங்களைத் தள்ளி வைக்க முடியுமா?

கேள்வி: படுவான்கரைப் பிள்ளை

அனைவருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள ஒரு கிராமத்தைச் சேர்ந்தவன். ஊரின் பெயரையும் கோயிலின் பெயரையும் வேண்டுமென்றே தவிர்க்கிறேன். என் அப்பாவும் பெரியப்பாவும் நாற்பது வருடங்களுக்கு மேலாக அம்மன் கோயிலின் வைகாசிச் சடங்குக்கும் ஊரின் மரணவீடுகளுக்கும் மேளம் அடித்து வந்தவர்கள். அப்பாவிடம் பறை, பெரியப்பாவிடம் அதோடு சேர்ந்து ஊதும் சொர்ணாளிக் குழல். நான் கல்முனையில் ஒரு மின்சாரப் பொருட் கடையில் கணக்கு எழுதுகிறேன்.

மரணவீட்டில் அப்பாவுக்கு இடம் வேலிக்கு வெளியே நிற்கும் பூவரச மரத்தடி. முன்பெல்லாம் சிரட்டையில் தேநீர் கொடுத்தார்கள் என்று அம்மம்மா சொல்வார். இப்போது எல்லோருக்கும் ஒரே கடதாசிக் கோப்பைதான். ஆனால் மற்றவர்களுக்குத் தட்டத்தில் வைத்து நீட்டுகிறார்கள். அப்பாவுக்கு மரத்தின் வேரில் வைத்துவிட்டுத் திரும்புகிறார்கள். கூலியும் வெற்றிலையில் சுற்றிப் பாயின் ஓரத்தில் வைக்கப்படுமே தவிரக் கையில் வராது.

மூன்று மாதங்களுக்கு முன் ஒரு போடியார் வீட்டில், அதாவது பெரிய வயற்காணிக்காரர் வீட்டில், சாவு நடந்தபோது, அப்பாவுக்குத் தோள் வலி என்பதால் என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். நானும் இன்னும் நான்கு இளைஞர்களும் வர முடியாது என்று சொல்லிவிட்டோம். மறுகிழமை கோயில் நிருவாக சபையிலிருந்து செய்தி வந்தது: மேளம் அடிப்பது எங்களுடைய குடிமை, பரம்பரையாகச் செய்ய வேண்டிய ஊழியம் என்றும், சடங்குக்கும் வராவிட்டால் எங்கள் தெருவுக்கு உரிய பூசைப் பங்கு நிறுத்தப்படும் என்றும், எங்கள் வீட்டு நன்மை தீமைகளுக்கு ஊரார் எவரும் வரமாட்டார்கள் என்றும் சொன்னார்கள். இதற்குச் சட்டத்தில் ஏதாவது வழி உண்டா? “இது யாழ்ப்பாணம் இல்லை, இங்கே சாதி கிடையாது, குடி மட்டும்தான்” என்று கோயில் பொறுப்பாளரான வண்ணக்கர் ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னார். அது சரியா?

பதில்: வாவிக்கரை

தம்பி, கோபிக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் எல்லோரும் ஒன்றாகத்தான் கோயிலுக்குப் போகிறோம். போர்க்காலத்திலும் சுனாமிக்குப் பிறகும் ஒரே முகாமில் ஒரே பானையில் சாப்பிட்டவர்கள் நாங்கள். அணைந்துபோன நெருப்பை ஊதிப் பெரிதாக்குவதால் பிள்ளைகளுக்குள் பகைதான் மிஞ்சும்.

பதில்: காரைதீவு வாத்தியார்

வாவிக்கரை சொல்வதை நானும் முப்பது வருடங்கள் வகுப்பறையில் சொல்லிக்கொண்டிருந்தவன்தான், ஆகவே அவரைக் குறை கூறவில்லை. ஆனால் முகாமில் ஒரே பானையில் சாப்பிட்டோம் என்பது, ஊருக்குத் திரும்பிய பிறகு தேநீர்க் கோப்பை ஏன் மரவேரில் வைக்கப்படுகிறது என்பதற்கு விடையாகாது.

குடியையும் சாதியையும் ஒன்றாகக் குழப்பிப் பேசுவது எங்கள் பக்கத்தில் மிகவும் வசதியான ஒரு பழக்கம். குடி என்பது தாய்வழியாக வரும் குலப்பிரிவு. ஒரே குடிக்குள் கலியாணம் செய்வதில்லை. சாதியோ நேர்மாறு, அதற்குள்ளேதான் கலியாணம். அக்கரைப்பற்றிலும் காத்தான்குடியிலும் முஸ்லிம் மக்களிடையேகூடக் குடிகள் இருக்கின்றன. எனவே குடிமுறை இருப்பதனால் சாதி இல்லையென்று ஆகிவிடாது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நெடுங்காலமாக இருந்து வருகின்றன. டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் அக்கரைப்பற்றுப் பகுதியில் தங்கியிருந்து ஆய்வு செய்து, பறையடிக்கும் சமூகத்தைப் பற்றி மட்டும் 1983இல் தனியாக ஒரு கட்டுரை வெளியிட்டிருக்கிறார். இல்லாத ஒன்றைப் பார்க்க அவர் அவ்வளவு தூரம் வந்திருக்கமாட்டார்.

எங்கள் பகுதியில் பிராமணர் தொகை மிகக் குறைவு. பல அம்மன் கோயில்களில் பூசை செய்பவர்கள் கப்புகனார்களும் கட்டாடியார்களும்தான். இதனால் சாதியே இல்லாதது போல ஒரு தோற்றம் உண்டாகிறது. உண்மையில் வயற்காணியும் கோயில் நிருவாகமும் யாருடைய கையில் இருந்தனவோ, அவர்களே மேலே இருந்தார்கள். யாருக்கு எத்தனை மேளம், யாருடைய வாசலில் என்ன அலங்காரம், யார் நடக்க நிலத்தில் துணி விரிக்கும் நிலபாவாடை என்பதையெல்லாம் ‘வரிசை’ என்ற ஒரே சொல்லால் அளந்தார்கள். பறை ஒலிக்காவிட்டால் போடியாரின் சாவுக்கு வரிசை இல்லை. ஆகவே நீங்கள் வரவில்லை என்றதும் குறைந்துபோனது உங்கள் மதிப்பல்ல, அவர்களுடைய மதிப்பு. அந்தக் கோபம்தான் நிருவாக சபையின் வாயால் வந்திருக்கிறது.

1968இல் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் நடந்தது, ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே நுழைவதற்கான போராட்டம். உங்கள் வழக்கு வாசலைத் தாண்டிய பிறகு, எந்த வேலைக்காக உள்ளே விடப்படுகிறீர்கள் என்பதில் தொடங்குகிறது. இடையில் ஒன்று: எங்கள் ஊர் பெற்ற சுவாமி விபுலானந்தர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த காலத்தில், திருவேட்களத்துச் சேரிக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். இங்கே அவருடைய சிலைக்கு மாலை போடாத விழா இல்லை. அந்தச் சேரியைப் பற்றி மேடையில் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

பதில்: சட்டம் படித்த அக்கா

சட்டத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது, 1971இல் திருத்தப்பட்டது. சாதியைக் காரணமாகக் கொண்டு ஒருவரைப் பாடசாலை, கடை, பொதுக் கிணறு, பொது வழிபாட்டிடம் போன்றவற்றிலிருந்து தடுப்பது அதன்படி குற்றம். முறைப்பாட்டைப் பொலிஸ் நிலையத்தில் கொடுக்க வேண்டும். அரசியலமைப்பின் 12(3)ஆம் உறுப்புரையும் கடை, உணவகம் ஆகியவற்றோடு தமது மதத்தின் பொது வழிபாட்டிடத்தையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு, தம்பி. அடிப்படை உரிமை மனு அரச அதிகாரிகளின் செயலுக்கு எதிராகத்தான் செல்லும். கோயில் நிருவாக சபை அப்படியான ஒன்றல்ல. கிராம உத்தியோகத்தரோ பொலிசாரோ அவர்கள் பக்கம் நின்று முறைப்பாட்டை ஏற்க மறுத்தால், அப்போது நிலைமை மாறும். அந்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் அந்த மனுவை உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும், அல்லது மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட வேண்டும். ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பிராந்திய அலுவலகங்கள் இருக்கின்றன.

மேளம் அடிக்க மறுப்பது உங்கள் உரிமை. எந்தச் சட்டமும் உங்களை வற்புறுத்தாது. நன்மை தீமைக்கு ஊரார் வராமல் இருப்பதை எந்த நீதிமன்றத்தாலும் தடுக்க முடியாது என்பதையும் இப்போதே அறிந்துகொள்ளுங்கள். வழிபடுவதை மறித்தால் மட்டுமே சட்டம் உங்களுக்கு உதவும். ஆகவே பூசைப் பங்கை நிறுத்தும் முடிவை எழுத்தில் தரும்படி முதலில் கேளுங்கள். வாய்ச்சொல்லை யாரும் பிறகு ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

பதில்: மேளக்காரன் மகன்

நானும் உங்கள் சமூகம்தான். நான் பறையை விடவில்லை. கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவக மேடையில் என் அப்பாவோடு நின்று அடித்தபோது சால்வை போர்த்திக் கைகொடுத்தார்கள். அதே மாதத்தில் ஊரில் ஒரு மரணவீட்டில் அடித்தபோது, “தம்பி, கொஞ்சம் தள்ளி நின்று அடி” என்றார்கள். அன்றே ஒரு விலை வைத்தேன்: முற்பணம் வேண்டும், கதிரை வேண்டும், காசு கையில் தரப்பட வேண்டும். இரண்டு வீடுகள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டன, மற்றவர்கள் கூப்பிடுகிறார்கள். அடிப்பதோ அடிக்காததோ நாங்கள் எடுக்கும் முடிவாக இருக்கட்டும், அவர்கள் போடும் கட்டளையாக வேண்டாம்.

கேள்வி கேட்டவர்: படுவான்கரைப் பிள்ளை

அனைவருக்கும் நன்றி. அக்கா சொன்னபடி நேற்று நாங்கள் ஐந்து பேரும் கையெழுத்திட்டுக் கடிதம் ஒன்றைக் கொண்டுபோனோம். செயலாளர் வாசித்துவிட்டு, எழுத்தில் ஒன்றும் தர முடியாது, அப்படி முடிவெடுக்கவே இல்லை என்றார். கடிதம் கிடைத்ததற்கு மட்டும் ஒப்பமிட்டுத் தந்தார். அப்பாவிடம் கதிரையைப் பற்றிச் சொன்னேன், சிரித்தார். பிறகு, “அடிக்கும்போது கதிரையில் இருக்க முடியாது மகன், அடித்து முடிந்த பிறகு தரச்சொல்லு” என்றார். சடங்குக்கு இன்னும் பதினொரு நாட்கள் இருக்கின்றன. அன்று எங்கள் பூசைத் தட்டை யாராவது மறித்தால், எந்தப் பொலிஸ் நிலையம் என்று அக்காவிடம் திரும்பக் கேட்பேன்.