பார்த்தே ஆகணுமா? பத்துப் படம், ஒரு பஞ்சாயத்து

பழையரீல்:
நம் கூட்டத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி புதுவரவு, "நல்ல படங்கள் பார்க்க ஆரம்பிக்கணும், பத்துப் படம் சொல்லுங்க" என்று கேட்டிருந்தார். யோசித்துத்தான் எழுதுகிறேன். சிட்டிசன் கேன் (1941), பைசைக்கிள் தீவ்ஸ் (1948), ராஷோமோன் (1950), டோக்கியோ ஸ்டோரி (1953), அந்த நாள் (1954), பதேர் பாஞ்சாலி (1955), 12 ஆங்ரி மென் (1957), ஜான் டீல்மன் (1975), உதிரிப்பூக்கள் (1979), வீடு (1988). இந்தப் பத்தையும் பார்க்காத ஒருவர் தனக்கு சினிமா பிடிக்கும் என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். ஆட்சேபம் இருந்தால் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் ஒன்றைத் தூக்கச் சொல்பவர் அந்த இடத்தில் எதை வைப்பது என்றும் சொல்லிவிட வேண்டும்.

கடைசிவரிசை:
அண்ணே, தம்பி படம் பார்க்க வழி கேட்டாரா, விரதம் இருக்க வழி கேட்டாரா? பத்துல சிரிக்கிற மாதிரி ஒரு படம் கூட இல்லையே! சிட்டிசன் கேனைத் தூக்கிட்டு மைக்கேல் மதன காமராஜனை (1990) வைங்க. நாலு கமல், கிரேஸி மோகன் வசனம். ஒரு வரிக்குச் சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள அடுத்த ரெண்டு வரி ஓடிப் போயிருக்கும். அதுக்காகவே ரெண்டாவது தடவை பார்க்கணும். மாற்றும் சொல்லியாச்சு, உங்க நிபந்தனை தீர்ந்தது.

பழையரீல்:
மைக்கேல் மதன காமராஜன் எனக்கும் மனப்பாடம். ஆனால் "எனக்குப் பிடித்த படம்" வேறு, "பார்த்தே ஆக வேண்டிய படம்" வேறு. முதலாவதற்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவதற்குச் சொல்லியாக வேண்டும். 'சைட் அண்ட் சவுண்ட்' பத்திரிகை 1952லிருந்து பத்தாண்டுக்கு ஒருமுறை உலகம் முழுக்க விமர்சகர்களிடம் வாக்கு வாங்குகிறது. அதில் 1962 முதல் 2002 வரை ஐந்து முறையும் சிட்டிசன் கேன்தான் முதலிடம். அதைத் தூக்கிவிட்டு நகைச்சுவைப் படம் வைக்கச் சொன்னால் எப்படி?

கணக்குப்பிள்ளை:
அந்த வாக்கெடுப்பு எப்படி நடக்குதுன்னு பார்த்தா இவ்வளவு பயபக்தி வராது. ஒவ்வொருத்தரும் பத்துப் படம் எழுதித் தரணும், வரிசை கிடையாது, பத்துக்கும் ஆளுக்கு ஒரு வாக்கு. 2012இல் 846 பேர் கலந்துக்கிட்டாங்க. முதலிடம் வந்த வெர்டிகோவுக்கு 191 வாக்கு, கேனுக்கு 157. அதாவது உலகத்தின் தலைசிறந்த படம்னு அறிவிக்கப்பட்ட படத்தை, வாக்களிச்சவங்கள்ல நாலில் மூணு பேருக்கு மேல தங்களோட பத்துக்குள்ள கூடச் சேர்க்கலை. அதே வெர்டிகோ 1958இல் வந்தப்ப விமர்சனங்கள் கலவையா இருந்தது. முதல் பத்துக்குள்ள வரவே 1982 வரை ஆச்சு. 2022இல் 1,639 பேர் வாக்களிச்சாங்க, ஜான் டீல்மன் முதலிடம். அதுக்கு முந்தின வாக்கெடுப்பில் அது முதல் முப்பதில் கூடக் கிடையாது. படம் அதே படம்தான். கேட்கப்பட்ட ஆட்கள் மாறிட்டாங்க.

கடைசிவரிசை:
பிள்ளைவாள், உங்களுக்கு ஒரு மாலை.

கணக்குப்பிள்ளை:
மாலையை வச்சுக்கோங்க, உங்க கட்சியிலயும் நான் இல்லை. பொதுமக்கள் வாக்குன்னு வந்தா இன்னும் வேடிக்கை. ஐஎம்டிபிங்கிற இணையதளத்துல ரசிகர்கள் போடற மதிப்பெண்ணை வச்சு வர்ற பட்டியல்ல 2008இல் தி டார்க் நைட் வந்த கொஞ்ச நாள்லயே காட்ஃபாதரைக் கீழே தள்ளிட்டு முதலிடத்துக்கு ஏறிச்சு. ரெண்டு படத்து ரசிகர்களும் அடுத்தவங்க படத்துக்குப் பத்துக்கு ஒரே ஒரு மதிப்பெண் போட்டுக் கவுத்துக்கிட்டாங்கன்னு பெரிய சண்டையே நடந்துச்சு. தூசி அடங்கினப்ப ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன் மேல உட்கார்ந்திருந்தது. அதுவோ 1994இல் தியேட்டர்ல காத்தாடின படம், ஏழு ஆஸ்கர் பரிந்துரையில ஒண்ணு கூடக் கிடைக்கலை. விமர்சகர் பட்டியலும் ஆடும், ரசிகர் பட்டியலும் ஆடும். இதை வச்சு யாரையும் "நீ சினிமா ரசிகனே இல்லை"ன்னு சொல்ல முடியாதுங்கிறதுதான் என் வாதம்.

மேகலை:
ஜான் டீல்மன் பேர் வந்ததால உள்ளே வர்றேன். ஆட்கள் மாறினதாலதான் அது மேல வந்ததுங்கிறது உண்மை. ஆனா அதைக் குறையா ஏன் சொல்றீங்க? 1952லிருந்து எடுத்த எல்லா வாக்கெடுப்பிலயும் பெண் இயக்கின ஒரு படம் முதலிடத்துக்கு வந்தது 2022இல்தான் முதல் தடவை. ஷான்டல் ஆக்கர்மன் அதை எடுத்து முடிச்சப்ப அவங்களுக்கு 25 வயசு கூட ஆகலை. ஒரு குடும்பத் தலைவியோட மூணு நாள், 201 நிமிஷம். உருளைக்கிழங்கு உரிக்கிறதை வெட்டாம அப்படியே காட்டுவாங்க. முதல் நாள் எல்லாம் கச்சிதமா நடக்கும், ரெண்டாம் நாள் ஒரு சின்ன வேலை தப்பும். அந்தத் தப்பு உங்களுக்கு இடி மாதிரி இறங்கணும்னா, முதல் நாளை முழுசா உட்கார்ந்து பார்த்திருக்கணும். சுருக்கமா எடுத்திருந்தா அந்தப் படமே இல்லை.

இவ்வளவு சொன்ன நானே அதைத் தம்பியோட பட்டியல்லேர்ந்து எடுக்கச் சொல்றேன், ரீல் அண்ணா. புதுசா வர்றவருக்கு அதை முதல்ல கொடுத்தா அவர் அந்தப் படத்தை மட்டுமில்ல, அந்த மாதிரி படம் மொத்தத்தையும் வெறுத்துடுவார். அதன் இடத்துல காக்கா முட்டை வைங்க.

வெட்டுஒட்டு:
எடிட்டிங் மேசையில உட்கார்ந்து பிழைக்கிறவன் நான். எனக்குப் "பார்த்தே ஆகணும்"னா அர்த்தம் ஒண்ணுதான்: அதைப் பார்த்ததுக்கு அப்புறம் மத்த படங்களைப் பார்க்கிற விதம் மாறணும். அண்ணனோட பத்துல அப்படி ஒண்ணு 12 ஆங்ரி மென். 96 நிமிஷம், கிட்டத்தட்ட முழுக்க ஒரே அறை, பன்னிரண்டு ஆம்பளைங்க. சண்டை இல்லை, பாட்டு இல்லை, வெளியே போக வழியும் இல்லை. ஆனா போகப் போக நமக்கே மூச்சு முட்டும். ஏன்னா சிட்னி லூமெட் ஆரம்பத்துல கேமராவைக் கண் மட்டத்துக்கு மேலே வச்சு, அகல லென்ஸ் போட்டு எடுத்தார். அறை விசாலமாத் தெரியும். நடுவுல கண் மட்டத்துக்கு இறக்கினார். கடைசிப் பகுதியில கண் மட்டத்துக்குக் கீழே, நீள லென்ஸ். இப்போ கூரை தெரியும், பின்னாடி இருக்கிற சுவர் முதுகுல வந்து ஒட்டும். அறை அதேதான், சுருங்கினது நம்ம பார்வை. பார்க்கும்போது யாருக்கும் இது தெரியாது. தெரிஞ்சுக்கிட்டு மறுபடி பார்த்தா, அப்புறம் எந்தப் படத்துலயும் ஒருத்தர் முகத்துக்குப் பின்னாடி எவ்வளவு இடம் விட்டிருக்காங்கன்னு கண்ணு தானா அளக்கும்.

வீடு படமும் அப்படித்தான். ஒரு சாதாரணக் குடும்பம் வீடு கட்டுது, அவ்வளவுதான் கதை. சிமெண்ட், கம்பி, கடன், அனுமதி. பாட்டே இல்லை. இளையராஜாவோட 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பிலேர்ந்து இசையை எடுத்துப் பின்னணியில வச்சிருப்பார் பாலு மகேந்திரா. பெரியவர் சொக்கலிங்க பாகவதர் கட்டி முடியாத வீட்டுக்குள்ள தனியா நடந்து போற காட்சியை நான் இன்னிக்கும் ஃப்ரேம் ஃப்ரேமா ஓட்டிப் பார்ப்பேன். எங்கே வெட்டணும்னு சொல்லித்தர்ற படங்கள் நிறைய இருக்கு. எங்கே வெட்டக் கூடாதுன்னு சொல்லித்தர்றது கொஞ்சம்தான்.

கடைசிவரிசை:
வெட்டு பாஸ், அருமையா எழுதியிருக்கீங்க, கையெடுத்துக் கும்பிடறேன். ஆனா இது சமையல்காரன் பேச்சு, நான் சாப்பிட வந்தவன். லென்ஸ் கீழே இறங்குச்சா மேலே ஏறுச்சான்னு எனக்கு எதுக்கு? எனக்கு மூச்சு முட்டுச்சு, அது போதும். தம்பியும் சாப்பிட வந்தவர்தான்.

இன்னொண்ணு. எந்தப் படம் நிக்கும்னு முன்கூட்டித் தெரிஞ்ச மாதிரி ரீல் அண்ணன் பேசறார். அன்பே சிவம் 2003 பொங்கலுக்கு வந்தப்ப தியேட்டர்ல எடுபடலை. அப்புறம் டிவியில திரும்பத் திரும்பப் போட்டுத்தான் அது இன்னிக்கு எல்லார் வாயிலயும் இருக்கு. எந்த அறிஞர் குழுவும் பட்டியல் போட்டு அதைக் காப்பாத்தலை. சும்மா டிவியைப் போட்டவன் பாதிப் படத்துல மாட்டிக்கிட்டு உட்கார்ந்தான், அப்படித்தான் அது பிழைச்சுது.

பழையரீல்:
பட்டியல் எதையும் காப்பாற்றவில்லை என்கிறீர்கள். அப்படியானால் இதற்குப் பதில் சொல்லுங்கள். 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்'. இன்று அதன் பிரதி ஒன்றுகூட இல்லை. அதற்கு முந்தைய தமிழ் மௌனப் படங்களின் கதை அதைவிட மோசம். அமெரிக்காவிலேயே மௌனப் படங்களில் சுமார் 70 விழுக்காடு முழுமையாக அழிந்துவிட்டது என்று அவர்களுடைய நாடாளுமன்ற நூலகமான காங்கிரஸ் நூலகத்தின் ஆய்வு 2013இல் சொன்னது. அந்தக் காலத்தில் எல்லாமே "வந்தது, ஓடியது, போனது" கணக்குதான். நீங்கள் சொல்லும் அதே மனநிலை!

இப்போது பதேர் பாஞ்சாலியைப் பாருங்கள். அதன் மூல நெகட்டிவ் 1993இல் லண்டனில் ஒரு ஆய்வகத் தீ விபத்தில் எரிந்தது. கருகி, சுருங்கி, தொட்டால் நொறுங்கும் சுருள்கள். குப்பைக்குப் போயிருக்க வேண்டியவை. ஆஸ்கர் அகாதமி அவற்றை எடுத்துப் பாதுகாத்தது. இருபது ஆண்டுக்குப் பிறகு இத்தாலியின் பொலோன்யாவில் அவற்றுக்கு ஈரப்பதம் ஏற்றி, ஓட்டைகளை ஒட்டி, தேறியதை எல்லாம் மீட்டார்கள். தேறாததை உலகின் வேறு காப்பகங்களில் இருந்த பிரதிகளிலிருந்து நிரப்பினார்கள். 2015இல் புதுப்பிரதி வெளிவந்தது. கருகிய சுருளுக்கு ஏன் இத்தனை மெனக்கெடல்? இது அழியக் கூடாத படம் என்று பல்லாண்டுகளாகப் பலர் எழுதி, பட்டியலிட்டு, சண்டை போட்டு வைத்திருந்தார்கள். தியேட்டரில் நன்றாக ஓடியது என்பதற்காக மட்டும் யாரும் இதைச் செய்ய மாட்டார்கள்.

கணக்குப்பிள்ளை:
இது கனமான வாதம். எதைப் பாதுகாக்கணும்ங்கிற முடிவுல பட்டியலுக்குப் பங்கு உண்டு, மறுக்கலை.

கடைசிவரிசை:
பாதுகாக்கட்டும்ணே, நானும் சந்தா தர்றேன். ஆனா பெட்டகத்துல வைக்க வேண்டியதும் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒருத்தர் உட்கார்ந்து பார்க்க வேண்டியதும் ஒரே பட்டியலா இருக்கணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு?

புதுவரவு:
எல்லாருக்கும் வணக்கம். இவ்வளவு பெரிய சண்டையைக் கிளப்பிட்டேன்னு தெரியாது. நேத்து ராத்திரி டோக்கியோ ஸ்டோரி பார்த்தேன். கொஞ்சம் மெதுவாப் போச்சு, அதனால ஒன்றரை மடங்கு வேகத்துல ஓட்டினேன். அப்பா அம்மா ஊர்லேர்ந்து வர்றாங்க, பிள்ளைங்களுக்கு நேரமில்லை, திரும்பிப் போறாங்க. புரிஞ்சுது. ஆனா ஏன் எல்லாரும் கொண்டாடறாங்கன்னு புரியலை.

வெட்டுஒட்டு:
ஒன்றரை மடங்கா?! யாராவது எனக்குத் தண்ணி கொடுங்க.

பழையரீல்:
தம்பி, இயக்குநர் ஓசு கேமராவைத் தரையில் உட்கார்ந்தவர் உயரத்தில் வைத்து, ஏறத்தாழ அசைக்காமல் எடுத்த படம் அது. அதை வேகமாக ஓட்டினால் மிச்சம் என்ன இருக்கும்?

மேகலை:
அவரை விடுங்க. தம்பி, நான் அந்தப் படத்தைக் காலேஜ்ல பார்த்தப்ப எனக்கும் பெருசா ஒண்ணும் தோணலை. வேலைக்குப் போய், அம்மா போனை "அப்புறம் பேசறேன்"னு வைக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம் பார்த்தேன். அந்தப் பெரியவங்க ரெண்டு பேரும் பிள்ளைங்களைப் பத்தி ஒரு குறை கூடச் சொல்ல மாட்டாங்க. "மத்தவங்க பிள்ளைங்களுக்கு நம்ம பிள்ளைங்க பரவாயில்லை"ங்கிற மாதிரி சமாதானம் சொல்லிப்பாங்க. எனக்கு அங்கே தாங்கலை. உங்களுக்கு இப்ப ஒண்ணும் ஆகலைன்னா உங்க ரசனையில கோளாறு இல்லை. சில படத்துக்கு வயசு தேவைப்படும், அவ்வளவுதான். அதனாலதான் பத்தையும் இப்பவே முடிக்கணும்ங்கிற அவசரம் எனக்குப் பிடிக்கலை. உங்களுக்கா இதுவரைக்கும் ரொம்பப் பிடிச்ச படம் எது? யாருக்கும் பயப்படாம சொல்லுங்க.

புதுவரவு:
பரியேறும் பெருமாள். அப்புறம் விக்ரம் வேதா. கதை சொல்லிக்கிட்டே "இப்ப சொல்லு, யார் நல்லவன்"னு கேட்பாங்களே, அது ரொம்பப் பிடிக்கும்.

மேகலை:
பாருங்க, வழி கிடைச்சாச்சு. விக்ரம் வேதா பிடிக்கிறவருக்கு முதல்ல கொடுக்க வேண்டியது ராஷோமோனும் அந்த நாளும். ஒரே சம்பவம், ஆளுக்கு ஆள் மாறற கதை. பரியேறும் பெருமாள் பிடிக்கிறவருக்கு உதிரிப்பூக்கள். கத்தாமலே கொடுமை செய்யற ஒரு மனுஷனை நடுவுல வச்சு, மொத்தப் படத்தையும் அமைதியா எடுத்திருப்பார் மகேந்திரன். சிட்டிசன் கேன் மெதுவா வரட்டும். ரீல் அண்ணா, ஜான் டீல்மன் போக உங்க பத்துல மீதி ஒன்பதும் அப்படியே இருக்கட்டும், வரிசையை மட்டும் மாத்தலாமா?

பழையரீல்:
வரிசையை மாற்ற ஆட்சேபமில்லை. ஆனால் பத்துக்கு ஒன்று குறைந்தாலும் ஒப்பமாட்டேன். கேன் கடைசியில் வரட்டும், ஆனால் வரட்டும்.

கடைசிவரிசை:
அப்ப மைக்கேல் மதன காமராஜன் பதினொண்ணு. பத்துதான்னு யார் சொன்னா?

வெட்டுஒட்டு:
அந்த நாள்லேர்ந்தே ஆரம்பிங்க தம்பி. பாட்டு கிடையாது. சிவாஜி படம் தொடங்கும்போதே சுடப்பட்டுச் செத்துடுவார், அப்புறம் ஒவ்வொருத்தர் சொல்றதுலயும் வேற வேற சிவாஜியா வருவார். எஸ். பாலசந்தர் 1954லயே இதைச் செஞ்சிருக்கார். சாதா வேகத்துல பாருங்க, ப்ளீஸ்.

புதுவரவு:
சரிங்க. இன்னிக்கு ராத்திரியே பார்க்கிறேன். கொன்னது யார்னு யாரும் சொல்லிடாதீங்க.

கடைசிவரிசை:
எழுபது வருஷத்துப் படத்துக்கு என்னப்பா ரகசியம்? கொன்னது வந்து

கணக்குப்பிள்ளை:
கடைசிவரிசை, கையை எடு கீபோர்டுலேர்ந்து.