மாநில ஹோம்லேண்ட் செக்யூரிட்டி அலுவலகம்: 'முன்காப்பு அலுவலகம்' எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

அமெரிக்க மாநிலங்களில் உள்ள ஹோம்லேண்ட் செக்யூரிட்டி (Homeland Security) அலுவலகத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று நம் சொல்லாக்கக் குழுவில் பேசிவருகிறோம், இதுவரை மூன்று பெயர்கள் வந்திருக்கின்றன. உள்நாட்டுப் பாதுகாப்பு அலுவலகம், தாயகப் பாதுகாப்பு அலுவலகம், மாநில உள்துறை அலுவலகம். மூன்றும் எனக்குச் சரியாகப் படவில்லை. காரணத்தைச் சொல்கிறேன், மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த அலுவலகம் என்ன வேலை பார்க்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம், பெயர் அப்புறம். நான் இருப்பது நியூ ஜெர்சி, இங்குள்ளதையே எடுத்துக்கொள்கிறேன். 2001 செப்டம்பர் 11 அன்று கடத்தப்பட்ட நான்கு விமானங்களில் ஒன்று இங்குள்ள நுவர்க் நகரிலிருந்து கிளம்பியது. அந்த அதிர்ச்சி அடங்குவதற்குள் ஆந்த்ராக்ஸ் தூள் வைத்த கடிதங்கள் வந்தன, அவை மாநிலத் தலைநகர் ட்ரென்டனுக்குப் பக்கத்தில் ஹாமில்டன் அஞ்சல் மையம் வழியாகத்தான் போயின. அந்த அக்டோபரிலேயே மாநிலம் சட்டம் இயற்றி ஒரு பணிக்குழு அமைத்தது. 2006-இல் ஆளுநர் ஜான் கோர்சைனின் ஆணைப்படி இப்போதைய அலுவலகம் உருவானது. அதன் ஆங்கிலப் பெயரில் ஹோம்லேண்ட் செக்யூரிட்டியோடு 'பிரிபேர்ட்னஸ்', அதாவது முன்கூட்டியே ஆயத்தமாக இருப்பது, என்ற சொல்லும் சேர்ந்தே இருக்கிறது, இங்கே பலரும் அதை விட்டுவிட்டே பேசுகிறோம்.

குற்றவாளியைத் துரத்திப் பிடிக்க மாநிலக் காவல்துறை இருக்கிறது, எஃப்பிஐ இருக்கிறது. இந்த அலுவலகத்தின் முக்கிய வேலை அதற்கு முந்தைய கட்டம். துறைமுகம், ரசாயனத் தொழிற்சாலை, குடிநீர் நிலையம், பாலம், ரயில் பாதை என்று எதில் கை வைத்தால் ஊரே முடங்கிப்போகுமோ அதையெல்லாம் முன்கூட்டியே ஆய்ந்து எங்கே ஓட்டை இருக்கிறது என்று உரியவரிடம் சொல்வது. வெவ்வேறு அமைப்புகளுக்குக் கிடைக்கும் தகவல் ஒன்றோடொன்று சேரும்படி பார்ப்பது. மைய அரசு தரும் மானியத்தைப் பங்கிடுவது. மானியத்தில் மாநிலம் தன் விருப்பப்படி நடக்க முடியாது, குறைந்தது 80 விழுக்காட்டை 45 நாளுக்குள் ஊராட்சிகளுக்கும் மாவட்டங்களுக்கும் ஒதுக்கியாக வேண்டும். இணையப் பாதுகாப்புக்கான பிரிவு 2015-இல் இதனுள் வந்தது. 2023-இல் வந்த சட்டப்படி நகராட்சியோ பள்ளி மாவட்டமோ இணையத் தாக்குதலுக்கு ஆளானால் 72 மணி நேரத்துக்குள் இந்த அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்று பாதுகாப்பு மானியத்துக்கு விண்ணப்பித்தபோது இந்த வேலையை அருகிலிருந்து பார்த்தேன். வழிபாட்டுத் தலங்களுக்கான மானியப் பணம் மைய அரசினுடையது, விண்ணப்பம் மாநில அலுவலகம் வழியாகத்தான் போக வேண்டும். அதற்கு முன் கட்டடத்தைச் சுற்றி ஓர் ஆய்வு. திருவிழா நாளில் மடப்பள்ளிப் பின்கதவு திறந்தே கிடக்கிறதா, செருப்பு வைக்கும் அடுக்கு அவசர வாசலை மறைக்கிறதா, வண்டி நிறுத்துமிடத்தின் கோடியில் விளக்கு எரிகிறதா, வாசல்வரை வண்டி ஏறி வர முடியுமா, இப்படி ஒவ்வொன்றாகக் குறிக்கிறார்கள். அந்தப் பட்டியலை வைத்துத்தான் கேமராவுக்கும் கதவுக்கும் தடுப்புத் தூணுக்கும் பணம் கேட்கிறார்கள்.

இதற்குத் தன்னார்வலர்களைக் கூப்பிட்டுத் தமிழில் ஓர் அறிவிப்பு போட்டார்கள். அதில் 'உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை' என்றுதான் இருந்தது. உடனே விசாக்காரர்கள் சிலர், "குடியேற்றத் துறை ஆட்கள் கோயிலுக்கு வருகிறார்களா? நாங்கள் அன்று வரலாமா?" என்று கேட்டார்கள். அவர்கள் பயந்ததில் தப்பே இல்லை. விசா மனுக்கள், குடியுரிமை, நாடுகடத்தல் எல்லாம் 2003-இல் 22 அமைப்புகளைச் சேர்த்துத் தொடங்கிய மைய அரசின் ஹோம்லேண்ட் செக்யூரிட்டி துறையின் கீழே வருபவை. மாநில அலுவலகம் ஆளுநருக்குக் கீழே இருப்பது, விசா தருவதும் நாடுகடத்துவதும் அதன் பொறுப்பில் இல்லை. இரண்டுக்கும் தமிழில் ஒரே பெயர் வைத்தால் உதவி தேவைப்படுகிறவரே விலகி நிற்பார். அதனால்தான் இந்தச் சொல் விஷயத்தில் விடாமல் வாதாடுகிறேன்.

'உள்நாட்டுப் பாதுகாப்பு' என்பதில் வேறொரு சிக்கலும் இருக்கிறது. தமிழ்நாட்டில் என் அப்பா வயதுக்காரர்களுக்கு அது நெருக்கடி நிலைக் காலத்து மிசா சட்டம். 1976-இல் யார் யாரை அந்தச் சட்டத்தில் சிறையில் போட்டார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் விசாரணையின்றி அடைத்து வைக்க உதவிய சட்டத்துக்குத் தமிழில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் என்றே பெயர். கேமரா வாங்கப் பணம் தரும் அலுவலகத்தின் மேல் அந்தச் சுமையை ஏற்ற வேண்டுமா?

'உள்துறை' இன்னும் குழப்பம். அமெரிக்காவில் இன்டீரியர் துறை என்று தனியாக ஒன்று உண்டு, தேசியப் பூங்காக்களைப் பார்த்துக்கொள்வது அதுதான். நம் செய்தித்தாள்கள் ஏற்கெனவே அதையும் உள்துறை என்றுதான் எழுதுகின்றன.

'தாயகப் பாதுகாப்பு' சொல்லுக்குச் சொல் சரிதான், அந்தப் பெயரைச் சொன்ன அக்காவின் வாதம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஈழத்தவருக்குத் தாயகம் என்றால் வடக்கும் கிழக்கும்தான். டொராண்டோவில் வானொலியில் 'தாயகச் செய்திகள்' என்றால் யாழ்ப்பாணமும் வன்னியும் மட்டக்களப்பும் நினைவுக்கு வருமே தவிர ட்ரென்டன் வராது. பலர் தம் உயிரையே கொடுத்த ஒரு சொல்லை ஓர் அமெரிக்க அலுவலகத்தின் பெயர்ப்பலகைக்கு எடுத்துக்கொள்வது எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

என் முன்மொழிவு 'மாநில முன்காப்பு அலுவலகம்'. வருமுன் காப்பது என்று நாம் அன்றாடம் சொல்வதிலிருந்து எடுத்தது, விளக்கம் தேவையில்லை. 'காவல்' வேண்டாம், அது போலீஸையும் தடுப்புக்காவலையும் நினைவூட்டும். 'பாதுகாப்பு' ராணுவத்துக்கும் போகிறது, பெண்கள் பாதுகாப்புக்கும் போகிறது, தேய்ந்துவிட்டது. 'காப்பு' மட்டும் நின்றால் கைக்குப் போடும் காப்பாகிவிடும் என்று நம் குழுவில் ஓர் அண்ணா சொன்னது உண்மை, 'முன்' சேர்ந்துவிட்டால் அந்தக் குழப்பம் இல்லை. முன்பதிவு, முன்பிணை எல்லாம் வழக்கில் இருக்கும்போது முன்காப்பும் பழகிவிடும்.

தாக்குதலோ புயலோ வந்த பிறகு செய்வதெல்லாம் இதில் அடங்குமா என்று கேட்டிருந்தீர்கள். நியூ ஜெர்சியில் பேரிடர் மேலாண்மை மாநிலக் காவல்துறைக்குள் இருக்கிறது, அதனால் சிக்கல் இல்லை. லூசியானாவில் இரண்டும் ஒரே அலுவலகம். இந்தியானாவில் 2005-இலிருந்து தீயணைப்பு, கட்டட ஆய்வுப் பொறுப்புகள்கூட ஹோம்லேண்ட் செக்யூரிட்டி துறையிடம்தான். அங்கெல்லாம் 'முன்காப்பு, பேரிடர் மேலாண்மை' என்று இரண்டையும் சேர்த்து எழுதலாம். மையத் துறைக்கு முன்காப்பு பொருந்தாது, எல்லைக் காவலிலிருந்து நாடுகடத்தல்வரை அதில் இருக்கிறது. அதை ஆங்கில ஒலிப்பிலேயே விட்டுவிடுவதுதான் இப்போதைக்கு நல்லது.

நேற்று வந்த கேள்விதான் எல்லாவற்றிலும் கனமானது: மக்களைக் கண்காணிக்கவும் செய்கிற ஓர் அலுவலகத்துக்கு இவ்வளவு இதமான பெயர் வைக்கலாமா? நியாயமான கேள்வி. 2010-இல் பென்சில்வேனியாவின் ஹோம்லேண்ட் செக்யூரிட்டி அலுவலகம் ஒரு தனியார் நிறுவனத்திடம் பணம் கொடுத்து வாங்கிய அறிக்கைகளில், எரிவாயுத் துரப்பணத்தை எதிர்த்துச் சட்டப்படி கூட்டம் போட்ட பொதுமக்களெல்லாம் அச்சுறுத்தல் பட்டியலில் இருந்தார்கள். செய்தி வெளியானதும் ஆளுநர் எட் ரெண்டல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார், அலுவலக இயக்குநர் பதவி விலகினார். 2012-இல் செனட் துணைக்குழு ஒன்று, 'ஃபியூஷன் சென்டர்' எனப்படும் மாநிலத் தகவல் மையங்களிலிருந்து வந்த அறிக்கைகளில் பல பயனற்றவை, சில குடிமக்களின் உரிமையையே மீறுபவை என்று எழுதியது.

இதை மனதில் வைத்துத்தான் 'அரண்', 'நலக்காப்பு' போன்ற பரிந்துரைகளை நான் ஆதரிக்கவில்லை, அவை புகழ்ச்சியாகிவிடுகின்றன. முன்காப்பு என்பது வேலையின் பெயர், நன்றாகவும் செய்யலாம், மோசமாகவும் செய்யலாம். ஃபியூஷன் சென்டருக்கும் 'ஒருங்கிணைவு மையம்' என்ற வழவழப்பு வேண்டாம். அங்கே காவல்துறையும் எஃப்பிஐயும் மற்றவர்களும் உட்கார்ந்து மக்களைப் பற்றிய தகவலைச் சேர்க்கிறார்கள், 'தகவல் சேர்ப்பு மையம்' என்று உள்ளபடி சொல்லிவிடலாம்.

கனடா, லண்டன் நண்பர்கள் 'தாயகம்' பற்றி நான் எழுதியது சரிதானா என்று சொல்லுங்கள். விக்சனரி இணைய அகராதியில் இப்போதைக்கு முன்காப்பை முன்மொழிவு என்ற குறிப்போடு மட்டும் ஏற்றலாம். கோயில் அறிவிப்பின் அடுத்த பதிப்பு மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது. அதில் 'மாநில முன்காப்பு அலுவலகம்' என்று போட்டு, 'விசாவுக்கும் குடியேற்றத்துக்கும் தொடர்பில்லாதது' என்று அடுத்த வரியிலேயே எழுதித் தரப்போகிறேன். மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.