காபிக்கு முன்னால் ‘எ’ வருமா, வராதா?

வைகைக்கரை:
ஏழாவது படிக்கும் மகளுக்கு நான்தான் ஆங்கில இலக்கணம் சொல்லித் தருகிறேன். எண்ண முடியாத பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ‘எ’, ‘அன்’ வராது, காபியும் அந்த வகைதான் என்று அவள் நோட்டில் இருக்கிறது. ஆனால் இங்கிலீஷ் படங்களில் ‘எ காபி, ப்ளீஸ்’ என்று கேட்கிறார்களே என்கிறாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது?

சாக்பீஸ்:
இரண்டும் சரி. நான் பள்ளியில் ஆங்கிலம் எடுப்பவள். சொற்களை இரண்டு பட்டியலாகப் பிரித்து மனப்பாடம் செய்ய வைப்பதில்தான் குழப்பமே ஆரம்பிக்கிறது. அந்த வாக்கியத்தில் சொல் என்ன பொருளில் வருகிறது என்று பார்க்கப் பழக்குங்கள். ‘ஐ லைக் காபி’யில் காபி பொதுவாக ஒரு பானம். கடையில் கேட்கும் ‘எ காபி’ ஒரு கப் காபி. ‘ஐ ஏட் சிக்கன்’ என்றால் கோழிக்கறி சாப்பிட்டேன். ‘ஐ ஏட் எ சிக்கன்’ என்றால் முழுக்கோழியையும் தின்று தீர்த்தேன்! ‘ஹேர்’ தலைமுடி, ‘எ ஹேர்’ ஒற்றை முடி. ‘அயர்ன்’ இரும்பு, ‘அன் அயர்ன்’ இஸ்திரிப் பெட்டி. பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடும்.

‘எ’, ‘அன்’ இரண்டுமே பழைய ஆங்கிலத்தில் ‘ஒன்று’ என்ற சொல்லிலிருந்து வந்தவை. அதனால் ஒன்று என்று தனியாகப் பிரிக்க முடிகிற இடத்தில்தான் பொதுவாக வரும்.

அட்வைஸ், இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர், லக்கேஜ், ஹோம்வொர்க் ஆகியவற்றை மட்டும் தனியாகச் சொல்லிக் கொடுங்கள். தமிழில் ‘ஒரு தகவல்’, ‘ரெண்டு யோசனை’ என்று தாராளமாகச் சொல்கிறோம். அதே பழக்கத்தில் ‘அன் இன்ஃபர்மேஷன்’, ‘ஃபர்னிச்சர்ஸ்’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘சம் அட்வைஸ்’ அல்லது ‘எ பீஸ் ஆஃப் அட்வைஸ்’ என்றுதான் எழுத வேண்டும்.

மலைக்கோட்டை:
‘தி’க்கு இந்தத் தடை கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பொதுவாகத் தண்ணீர் என்றால் வெறும் ‘வாட்டர்’. இந்தப் பாட்டிலில் இருக்கும் தண்ணீர் என்றால் ‘தி வாட்டர் இன் திஸ் பாட்டில்’.

வைகைக்கரை:
கோழி உதாரணம் உடனே புரிந்துவிட்டது, நன்றி டீச்சர். அப்புறம், ‘எக்ஸ்பீரியன்ஸ்’ எந்தப் பக்கம்?

சாக்பீஸ்:
இரண்டு பக்கமும் வரும். வேலை அனுபவத்துக்கு ‘எ’, ‘அன்’ வேண்டாம்: ‘ஐ ஹேவ் டீச்சிங் எக்ஸ்பீரியன்ஸ்’. ஊட்டி போய் வந்ததைச் சொன்னால் ‘இட் வாஸ் எ குட் எக்ஸ்பீரியன்ஸ்’. வேலைக்கு விண்ணப்பம் எழுதும் பெரியவர்களே இதில் தடுமாறுகிறார்கள். ஏழாவதிலேயே சொல்லிவைப்பது நல்லது.