2001 பாக்ஸ்டர் எஸ்: பார்க்கப் போகும்போது எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

ஹாரோவாசி:

வணக்கம். ஸ்லவ்வில் ஒருவர், கூரை மடங்கும் தமது 2001 போர்ஷே பாக்ஸ்டர் எஸ் காரை விற்கிறார். 3.2 லிட்டர், மேனுவல் கியர், 92,000 மைல் ஓடியது, கேட்கும் விலை 6,800 பவுண்டு. சர்வீஸ் புத்தகத்தில் 2014 வரை முத்திரைகள் இருக்கின்றன. அதற்குப் பிறகு ரசீதுகளாக ஒரு கோப்பில் வைத்திருக்கிறாராம். கிளட்ச் மாற்றியாயிற்று என்கிறார். எப்போது என்று கேட்டால் "சில ஆண்டுகளுக்கு முன்" என்பதற்கு மேல் பதில் வரவில்லை.

இணையத்தில் தேடினால் எல்லாரும் ஐ.எம்.எஸ். பேரிங் (என்ஜினின் இடைத்தண்டைத் தாங்குவது) பற்றியே பேசுகிறார்கள். அது போனால் என்ஜினே போயிற்று என்கிறார்கள். படித்துப் படித்துத் தூக்கம் கெட்டதுதான் மிச்சம். அன்றாடம் வேலைக்குப் போக இந்தக் கார் வேண்டாம். ஞாயிறு காலையில் மனைவியோடு சில்டர்ன் மலைப்பக்கம் போய் வரத்தான். சனிக்கிழமை பார்க்கப் போகிறேன். அந்த பேரிங் நன்றாக இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விவரம் தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்கள்.

ஸ்பானர்கை:

தம்பி, சனிக்கிழமை ஒரு மணி நேரத்தில் அதைக் கண்டுபிடிக்க முடியாது. முடியும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

அந்த என்ஜினில் கிராங்க் தண்டுக்கும் கேம் தண்டுகளுக்கும் நடுவே ஓர் இடைத்தண்டு ஓடுகிறது. ஃபிளைவீல் பக்க முனையில் அதைத் தாங்குவதுதான் நீங்கள் சொல்லும் பேரிங். உள்ளே கிரீஸ் வைத்து மூடி முத்திரையிட்டது. காலப்போக்கில் கிரீஸ் கரைந்து வெளியேறிவிடும். முத்திரை இருப்பதால் என்ஜின் ஆயிலும் தாராளமாக உள்ளே போகாது. பேரிங் தேய்ந்து தண்டு ஆடத் தொடங்கினால் சங்கிலி நிலைமாறும், வால்வுகள் பிஸ்டனில் மோதும். தொடக்ககாலக் கார்களில் இரட்டை வரிசைக் குண்டுகள் இருந்தன, அவை உறுதியானவை. பிறகு வந்த ஒற்றை வரிசைதான் தொல்லை. 2000, 2001 கார்களில் இரண்டில் எதுவும் இருக்கலாம். கியர்பாக்ஸை இறக்கினால்தான் தெரியும். ஆகவே அதை மாற்ற வேண்டியிருக்கும் என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். பேரிங், பின்பக்க ஆயில் சீல், வேண்டுமானால் கிளட்ச், எல்லாம் ஒரே இறக்கத்தில் முடியும்; ஆயிரத்து ஐந்நூறு பவுண்டுக்குக் குறையாது.

ஒரே ஒரு சான்று உண்டு: பழைய ஆயில் ஃபில்டர். "ஆயில் மாற்றும் செலவை நான் தருகிறேன், கழற்றும் ஃபில்டரை நான் பார்க்க வேண்டும்" என்று கேளுங்கள். நேர்மையான விற்பனையாளர் பெரும்பாலும் மறுக்க மாட்டார். காகித மடிப்புகளை ஒவ்வொன்றாக விரித்து, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். மினுக்கும் துகள் இருந்தால் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோங்கள். ஒட்டிக்கொண்டால் எஃகு, அங்கேயே கைகுலுக்கி விடைபெறுங்கள். ஒன்றிரண்டு பிளாஸ்டிக் துணுக்குகள் என்றால் சங்கிலி உராயும் பட்டைகளிலிருந்து வந்தவை, அதற்காக ஓட வேண்டாம்.

இனி, கண்ணால் பார்க்க முடிந்தவை. என் பட்டறைக்கு வரும் பாக்ஸ்டர்களில் உரிமையாளரின் பணத்தைக் கரைப்பவை பெரும்பாலும் இவைதான்.

என்ஜினை நீங்கள் போன பிறகுதான் முடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் புகைக்குழாயைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். படுக்கைவச என்ஜின் என்பதால் முடுக்கும்போது சிறிது நீலப் புகை வருவது இயல்பு. தெருவை மறைக்கும் அளவுக்கு வெள்ளைப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் ஆவியைப் பிரிக்கும் பாகம் கிழிந்திருக்கிறது என்று பொருள்.

பின் டிக்கியைத் திறந்து கம்பளத்தைத் தூக்குங்கள். கூலன்ட் தொட்டி அங்கேதான் இருக்கிறது, பழசானால் விரிசல் விடும். கம்பளம் ஈரமாகவோ இனிப்பு வாடையோடோ இருந்தால் தொட்டி கசிகிறது. ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கம் லேசான வெண்படலம் இருந்தால் பதற வேண்டாம், குறுகிய தூரம் ஓடும் கார்களில் அது வருவதுதான். கூலன்ட்டில் ஆயில் மிதந்தால் பேச்சே வேண்டாம்.

ரேடியேட்டர்கள் முன் பம்பரின் இரு மூலைகளிலும் இருக்கின்றன. எஸ் மாடல் என்பதால் நடுவிலும் ஒன்று உண்டு. டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். இருபது ஆண்டு இலைதழைகள் அங்கே மட்கிக் கிடக்கும். அந்த ஈரத்தில் ஏ.சி. கண்டென்சர்தான் முதலில் அரிக்கும். எனவே ஏ.சி. குளிர்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

கூரையைப் பாதியில் நிறுத்தினால் பின் மூலைகளில் மழைநீர் வடிகால் துளைகள் தெரியும். ஒரு குவளை நீர் ஊற்றுங்கள், காருக்கு அடியில் சொட்ட வேண்டும். அடைத்திருந்தால் நீர் இருக்கைக்கு அடியிலுள்ள மின்னணுப் பெட்டிக்குள் போகும். பிறகு கார் முடுக்கவே முடுக்காது. இருக்கைக்கு அடியில் கையை விட்டுக் கம்பளத்தை அழுத்திப் பாருங்கள். பின் சன்னல் இந்த ஆண்டுக் காரில் பிளாஸ்டிக். கண்ணாடி வந்தது 2003 மாடலில்தான். கூரையை மடக்கும்போது உரிமையாளர் பாதியில் இறங்கிவந்து அந்த மடிப்பைக் கையால் நீவிவிட்டால் மகிழுங்கள். காரைப் பேணத் தெரிந்த ஆள்.

முடிந்தால் போர்ஷே தெரிந்த பட்டறையில் டயக்னாஸ்டிக் கருவியை மாட்டச் சொல்லுங்கள். என்ஜின் ஓடிய மணிக்கணக்கு அதில் இருக்கும். மைலை மணியால் வகுத்தால் சராசரி வேகம் வரும். முப்பதை ஒட்டி வந்தால் நல்லது. பதினைந்துக்குக் கீழே போனால் மைல்மீட்டரில் யாரோ கைவைத்திருக்கலாம். அளவுமீறிய சுழற்சிக்கும் இரண்டு வரம்புகளில் பதிவு உண்டு. முதலாவது, ரசித்து ஓட்டுகிறவர்கள் யாருடைய காரிலும் இருக்கும். இரண்டாவது, கியரைத் தவறாகக் கீழே இறக்கினால் மட்டுமே ஏறும். அது பூஜ்யமாக இருப்பதே நிம்மதி.

லெஸ்டர்_கணக்கர்:

காகித விஷயங்களை நான் சொல்கிறேன். பதிவு எண் கிடைத்ததும் அரசின் எம்.ஓ.டி. (ஆண்டுதோறும் நடக்கும் வாகனத் தகுதிச் சோதனை) வரலாற்றுப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள், கட்டணம் இல்லை. ஒவ்வோர் ஆண்டுச் சோதனையிலும் பதிவான மைல், சொன்ன குறைகள் எல்லாம் வரும். ஒரே குறை ஆண்டுதோறும் திரும்ப வந்தால் அந்த உரிமையாளர் செலவழிக்காதவர் என்று புரிந்துகொள்ளலாம்.

ஹாரோ லண்டன் எல்லைக்குள் இருப்பதால் யூலெஸ் கட்டணம் (புகை வரம்பில் தேறாத வாகனங்களுக்கு லண்டன் விதிப்பது) உண்டா என்று எண்ணை வைத்துச் சரிபாருங்கள். அந்தக் காலத்துக் கார்களில் சில தேறும், சில தேறாது. தேறாவிட்டால் ஓட்டும் நாளெல்லாம் 12.50 பவுண்டு. முதல் பதிவு 2001 மார்ச் 1-க்கு முன்பா பின்பா என்றும் பாருங்கள்: முன்பென்றால் சாலை வரி என்ஜின் அளவுப்படி, பின்பென்றால் கரியமில வாயு அளவுப்படி. இந்தக் காருக்கு முன்னதுதான் சற்றுக் குறைவு.

கடன் பாக்கி, விபத்துப் பதிவு ஆகியவற்றுக்குப் பணம் கட்டும் சோதனையையும் செய்துவிடுங்கள். தனியாரிடம் வாங்கும்போது, வியாபாரியிடம் வாங்கினால் இருக்கும், பழுதிருந்தால் முப்பது நாளுக்குள் திருப்பித் தரும் உரிமை இல்லை. அதனால் விளம்பரத்தைப் படமெடுத்து வையுங்கள்.

ஹாரோவாசி:

போய் வந்தேன். இருவருக்கும் மனமார்ந்த நன்றி.

புகைக்குழாய் குளிர்ந்திருந்தது, முடுக்கியதும் புகையே இல்லை. 3,050 மணி நேரம், இரண்டாம் வரம்பு பூஜ்யம். கூரை வடிகால் ஒரு பக்கம் அடைப்பு; ஆனால் கம்பளம் உலர்ந்திருந்தது. ஏ.சி. குளிரவில்லை. எம்.ஓ.டி.யில் பின்பக்கச் சுருள்வில் அரித்திருப்பதாக இரண்டு ஆண்டாகக் குறிப்பு. யூலெஸ் தேறுகிறது. கிளட்ச் ரசீது கிடைத்தது: 2019. ஆயில் சீல் மாற்றியிருக்கிறார்கள், பேரிங் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஃபில்டர் பார்க்க ஒப்புக்கொண்டார், புதன்கிழமை. இதையெல்லாம் வரிசையாகச் சொன்னதும் 5,300-க்கு இறங்கினார். அண்ணன் என்ன சொல்கிறீர்கள்?

ஸ்பானர்கை:

மணிக்கு முப்பது மைல் சராசரி, நல்ல எண். 2019-இல் கியர்பாக்ஸை இறக்கியும் பேரிங்கைத் தொடாமல் மூடியதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. அந்தக் கூலியை நீங்கள் மறுபடி கொடுக்கப்போகிறீர்கள். 5,300 அதற்கு இடம் தருகிறது. சுருள்வில் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், ஏ.சி.யை அடுத்த கோடைக்குத் தள்ளலாம்.

ஃபில்டர் சுத்தமாக இருந்தால் வாங்குங்கள். வாங்கிய பிறகு பேரிங் மாற்றும்வரை சில்டர்ன் பக்கம் போக வேண்டாம். முதலில் பட்டறை, பிறகு மலை. புதன்கிழமை மடிப்புகளை விரித்ததும் கிட்டத்தில் படமெடுத்து இங்கே போடுங்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன்.