மறு: பொசொலானுக்குத் தமிழ்ச் சொல் – ‘சுண்ணமிறுகி’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

பொசொலானை, அதாவது சீமெந்தோடு கலக்கும் சாம்பல் போன்ற தூளை, நமது கலைச்சொற் பட்டியலில் ‘எரிமலைச் சாம்பல்’ என்று எழுதலாம் என்ற யோசனைக்கு எனக்குச் சம்மதமில்லை. இத்தாலியின் பொட்சுவோலியில் எடுத்த எரிமலைச் சாம்பலால் வந்த பெயர்தான் அது. ஆனால் சம்மாந்துறைப் பக்கத்து உமிச் சாம்பலும் நுரைச்சோலை மின் நிலையத்து நிலக்கரிச் சாம்பலும் அதே வேலையைத்தான் செய்கின்றன. அம்பாறைப் பிள்ளைக்கு எரிமலையை எங்கே போய்க் காட்டுவது?

வேலையைப் பார்த்தே பெயர் வைப்போம். தண்ணீர் பட்டதும் சீமெந்திலுள்ள கல்சியம் சிலிக்கேற்றுகள் நீரேற்றமடைந்து, பிணைப்பைத் தரும் கல்சியம் சிலிக்கேற்று ஐதரேற்றாகின்றன. கூடவே கல்சியம் ஐதரொட்சைட்டு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு, வெளிவரும். வலிமைக்கு அதனால் பெரிய பயனில்லை. சாம்பலிலுள்ள பளிங்குருவற்ற (அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்படாத) சிலிக்கா இந்தச் சுண்ணாம்பைப் பிடித்து, மறுபடியும் அதே பிணைப்புப் பொருளை உண்டாக்குகிறது. நுண்துளைகள் அடைபடுவதால், வாவிக்கரைக் கட்டடங்களில் உப்பு உள்ளே போய்க் கம்பியை அரிப்பதும் மெதுவாகும். நிலக்கரிச் சாம்பல் சேர்த்தால் 7 நாள் வலிமை சற்றுக் குறைவாகவே இருக்கும். கொங்கிறீற்றைக் கூடுதல் நாட்கள் நனைத்து வைக்க வேண்டும்.

பொசொலான் தனியே தண்ணீரில் இறுகாது, சுண்ணாம்பு சேர்ந்தால் இறுகும். ஆகவே ‘சுண்ணமிறுகி’. ‘சுண்ணமுண்ணி’யும் பொருளளவில் சரிதான், ஆனால் வகுப்பில் சொன்னால் மாட்டு உண்ணிதான் நினைவுக்கு வரும், பிள்ளைகள் சிரிப்பார்கள்.

இரும்பு ஊதுலைக் கசட்டை, அதாவது தாதுவிலிருந்து இரும்பை உருக்கி எடுக்கும்போது மிஞ்சும் கழிவை, இதோடு ஒரே பெயரில் சேர்க்கக் கூடாது. அதற்குள்ளேயே போதிய கல்சியம் உண்டு. வெறும் தண்ணீரில் மிக மந்தமாக இருக்கும், சுண்ணாம்போ வேறு காரமோ தூண்டிவிட்டால் இறுகும். அதற்குத் ‘தூண்டிறுகி’ என்று வைக்கலாம். ‘துணைச் சீமெந்து’ என்றால் இரண்டும் ஒன்றாகிவிடும், வேதியியல் காணாமல் போய்விடும்.

பதிவில் ஒரு குறிப்பும் வேண்டும்: எல்லா உமிச் சாம்பலும் சுண்ணமிறுகி ஆகாது. 700 பாகை செல்சியசுக்கு மேல் நெடுநேரம் எரிந்தால் சிலிக்கா பளிங்குருவாகி மந்தமாகிவிடும். குறைவாக எரிந்தாலோ, ஆலைக்குப் பின்னால் குவிந்து கிடக்கும் அந்தக் கறுப்புச் சாம்பல்தான். விரலில் தேய்த்தால் கரி ஒட்டும். அந்தக் கரி தண்ணீரைக் குடிக்கும், கலவை வறண்டுபோகும், மேசன் இன்னும் ஒரு வாளி ஊற்றுவார். அப்புறம் வலிமை எங்கே இருக்கும்?

மேசன்மார் வாயில் இந்தச் சொல் வராது என்கிறீர்கள். வரத் தேவையில்லை, அவர்களுக்குச் ‘சாம்பல்’ போதும். இது பாடநூலுக்கும் தரநிர்ணய ஏடுகளுக்கும்.

தூண்டு + இறுகி, ‘தூண்டிறுகி’ எனப் புணர்வது சரிதானே? இலக்கணம் படித்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். ஆட்சேபமில்லையென்றால் இரண்டையும் பட்டியலில் ஏற்றிவிடலாம்.