அவசரம்: கேமிங் மவுஸ் எது வாங்கலாம்? விளையாடும்போது மட்டும் ஸ்டக் ஆகிறது

நெல்லை_ஸ்பைக்:
வணக்கம் நண்பர்களே. நல்ல கேமிங் மவுஸ் ஒன்று சொல்லுங்கள். இப்போது இருப்பது விளையாடும்போது ஸ்டக் ஆகிறது. குறி வைத்துக்கொண்டிருக்கும்போதே கிராஸ்ஹேர் (திரை நடுவில் இருக்கும் குறி) ஒரு கணம் நின்றுவிட்டு, அப்புறம் எங்கேயோ தாவிப் போய் நிற்கிறது. டெஸ்க்டாப்பில் ஒரு பிரச்சினையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு மேட்ச், அதற்குள் வாங்கியாக வேண்டும். டிபிஐ அதிகம் உள்ள மவுஸ் எடுத்தால் இது சரியாகுமா? ஆன்லைனில் 16000 டிபிஐ என்று போட்ட ஒன்று 699 ரூபாய்க்குக் கிடைக்கிறது. எடுக்கலாமா?

வயர்_விசுவாசி:
இப்போது இருப்பது வயர்லெஸ்ஸா? ஆமாம் என்றால் அதுதான் காரணம். வயர் மவுஸுக்கு மாறிவிடுங்கள். பேட்டரி கவலை இல்லை, டாங்கிள் (கம்ப்யூட்டரில் செருகும் குட்டி ரிசீவர்) தொலையாது.

மீனா_மெயின்:
எந்த கேம்? பட்ஜெட் எவ்வளவு? கையின் அளவு என்ன? மணிக்கட்டு ரேகையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஸ்கேல் வைத்து அளந்து சொல்லுங்கள். இது தெரியாமல் யார் மவுஸ் சொன்னாலும் அது குருட்டாம்போக்கு.

பழைய_பென்டியம்:
தம்பி, இங்கே வாரத்துக்கு ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். கேம் பெயர் இல்லை, மவுஸ் மாடல் இல்லை, கம்ப்யூட்டர் என்னவென்று இல்லை. டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை, மாத்திரை கொடுங்கள்" என்றால் எந்த மாத்திரையைக் கொடுப்பார்? டிபிஐ என்பது தரத்துக்கான மார்க் அல்ல. மவுஸை ஒரு அங்குலம் நகர்த்தினால் சென்சார் அதை எத்தனை சிறு நகர்வுகளாக எண்ணும் என்பதற்கான கணக்கு, அவ்வளவுதான். அந்த 699 ரூபாய் மவுஸில் 16000 என்று போட்டிருந்தால், சென்சார் நிஜமாகவே எண்ணுவது அதைவிடக் குறைவாக இருக்கலாம். மீதியை உள்ளே இருக்கும் சிப் பெருக்கிக் காட்டும். அடிப்படையைப் படித்துவிட்டு வந்து கேளுங்கள்.

ஈயப்பத்து:
மவுஸ், கீபோர்டு சர்வீஸ் செய்கிறேன். முதலில் அதைத் திருப்பி லென்ஸ் குழியைப் பாருங்கள். ஒரே ஒரு தலைமுடி குறுக்கே கிடந்தாலும் கர்சர் தாவும். மவுஸை எதன்மேல் வைத்து ஓட்டுகிறீர்கள்? கண்ணாடி மேசையா? அடியில் இருக்கும் சென்சார் ஒரு குட்டி கேமரா. தரையின் சொரசொரப்பை அடுத்தடுத்துப் படம் பிடித்து, இரண்டு படங்களுக்கு நடுவே எவ்வளவு நகர்ந்தோம் என்று கணக்குப் போடும். வழுவழு கண்ணாடியில் அதற்குப் பிடிமானமே கிடைக்காது. துணி மவுஸ் பேட் போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

நெல்லை_ஸ்பைக்:
வாலரன்ட் என்ற துப்பாக்கிச் சண்டை கேம் விளையாடுகிறேன். சாதாரண ஆபீஸ் வயர்லெஸ் மவுஸ்தான். பட்ஜெட் 2000. கை 19 செ.மீ. துணி பேட் இருக்கிறது. லென்ஸைத் துடைத்தேன், மாற்றமில்லை. மானிட்டர் 144 ஹெர்ட்ஸ். எஃப்பிஎஸ் (நொடிக்குக் கம்ப்யூட்டர் உருவாக்கும் படங்கள்) 144-க்குக் கீழே இறங்குவதே இல்லை.

கோவை_கிளட்ச்:
உங்கள் டிபிஐ எவ்வளவு, கேமுக்குள் சென்ஸ் (சென்சிடிவிட்டி, மவுஸ் அசைவுக்குக் குறி எவ்வளவு திரும்பும் என்ற செட்டிங்) எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? இதில்தான் பாதிப் பேர் மாட்டுகிறார்கள். 800 டிபிஐ, சென்ஸ் 0.35 என்று வைத்தால், வாலரன்டில் ஒரு முழுச் சுற்றுத் திரும்ப மவுஸ் சுமார் 47 செ.மீ. நகர வேண்டும். அதே 0.35-ஐ விட்டுவிட்டு டிபிஐயை மட்டும் 3200 ஆக்கினால் 12 செ.மீ.கூட வேண்டாம். மணிக்கட்டு லேசாக நடுங்கினாலே குறி எதிரியின் தலையிலிருந்து சுவருக்குப் போய்விடும். தாவுகிறது என்று நீங்கள் சொல்வது இதுவாக இருக்கலாம்.

மீனா_மெயின்:
கிளட்ச், அவர் "நின்றுவிட்டுத் தாவுகிறது" என்கிறார். சென்ஸ் அதிகமாக இருந்தால் வேகமாகப் போகுமே தவிர, நிற்காது.

ஸ்பைக், 19 செ.மீ. கைக்கு லாஜிடெக் ஜி102 நன்றாகப் பொருந்தும். நீளம் 116.6 மி.மீ., எடை 85 கிராம், வயர் மவுஸ். உங்கள் பட்ஜெட்டுக்குள் அடங்கும். உள்ளங்கை முழுவதும் மவுஸ்மேல் படும்படி பிடிப்பவர் என்றால் ரேசர் டெத்ஆடர் எஸென்ஷியலையும் பாருங்கள். அது 127 மி.மீ., 96 கிராம். விரல்களை நகம்போல மடக்கிப் பிடிப்பவருக்கு அது பெரிதாகத் தெரியும். உங்கள் பிடி எந்த வகை? கடையில் கையில் வைத்துப் பார்க்க முடிந்தால் பார்த்துவிடுங்கள். சென்னையில் இருப்பவர்கள் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஒரு நடை நடந்தால் போதும். திருநெல்வேலியில் எந்தக் கடையில் திறந்து காட்டுவார்கள் என்று ஊர்க்காரர்கள் யாராவது சொல்லுங்கள்.

வயர்_விசுவாசி:
இதைத்தானே முதலிலேயே சொன்னேன். வயர்.

பழைய_பென்டியம்:
வயர், வயர் என்று 2005-லேயே நின்றுவிட்டீர்கள். இன்று பெரிய போட்டிகளில் பெரும்பாலானவர்கள் கையில் இருப்பது வயர்லெஸ்தான். லாஜிடெக் ஜி ப்ரோ எக்ஸ் சூப்பர்லைட் 2020-ல் வந்தபோதே 63 கிராமுக்குள் இருந்தது, அதுவும் பேட்டரியோடு சேர்த்து. எல்லா வயர்லெஸ்ஸையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். ஆபீஸ் மவுஸ் பெரும்பாலும் பேட்டரியை மிச்சம் பிடிக்கச் செய்யப்பட்டது. பொதுவாக 125 ஹெர்ட்ஸில்தான் தகவல் அனுப்பும், அதாவது 8 மில்லி செகண்டுக்கு ஒரு முறை. கேமிங் வயர்லெஸ் 1000 ஹெர்ட்ஸ், 1 மில்லி செகண்டுக்கு ஒரு முறை.

தம்பி கவனிக்க வேண்டியது இதைத்தான். மானிட்டர் நொடிக்கு 144 படம் காட்டுகிறது. மவுஸோ நொடிக்கு 125 தடவைதான் "நான் இங்கே இருக்கிறேன்" என்று சொல்கிறது. அப்படியானால் ஒவ்வொரு நொடியும் குறைந்தது 19 படங்களில் கிராஸ்ஹேர் பழைய இடத்திலேயே நிற்கும். பிரச்சினை இதுதான். நொடிக்கு எத்தனை தடவை சொல்கிறது என்பதுதான் போலிங் ரேட், அது தெரியாமல் மவுஸ் வாங்காதீர்கள்.

கோவை_கிளட்ச்:
பென்டியம் அண்ணா சொல்வது கணக்குப்படி சரி. ஆனால் 19 படம் நின்றால் இயக்கம் கொஞ்சம் நெருடலாகத் தெரியும், அவ்வளவுதான். கிராஸ்ஹேர் எங்கேயோ போய்த் தாவாது. இன்னொன்று, டிபிஐ அதிகம் இருந்தால் பயனே இல்லை என்பதுபோலச் சொல்லிவிட்டீர்கள். அதை ஏற்க முடியவில்லை. 400 டிபிஐயில் மவுஸ் 0.06 மி.மீ. நகர்ந்த பிறகுதான் முதல் நகர்வு எண்ணப்படும். 1600-ல் 0.016 மி.மீ. நகர்ந்தாலே எண்ணிவிடும். மெதுவாகக் குறியைத் திருத்தும்போது அசைவு திரையில் சீக்கிரம் தெரியும். சென்ஸை அதற்கேற்பக் குறைத்துக்கொண்டால் போதும். 800-ல் 0.35 வைப்பவர் 1600-ல் 0.175 வைத்தால் திரும்பும் தூரம் அதேதான்.

பழைய_பென்டியம்:
புத்தகக் கணக்கு. எத்தனையோ சாம்பியன்கள் 400-லேயே காலம் முழுக்க ஆடியிருக்கிறார்கள். அவர்களுக்குக் குறி பிசகியதா?

கோவை_கிளட்ச்:
400 பழகியதற்குக் காரணமே இருக்கிறது அண்ணா. கவுன்டர் ஸ்ட்ரைக் ஆட்டக்காரர்கள் விரும்பிய மைக்ரோசாஃப்ட் இன்டெல்லிமவுஸ் எக்ஸ்ப்ளோரர் 3.0 போன்ற அந்தக் காலத்து மவுஸ்களில் 400-தான் இருந்தது. கை அதற்குப் பழகிவிட்டது, பழகியவர்கள் மாற்றவில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை. புதிதாக ஆரம்பிக்கும் ஒருவர் 400-க்குத்தான் வர வேண்டும் என்று சொல்லாதீர்கள், அவ்வளவுதான். எட்டு மில்லி செகண்டைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் நீங்களே இதைத் தள்ளிவிடுவது எனக்குப் புரியவில்லை.

பழைய_பென்டியம்:
நான் தள்ளிவிடவில்லை. 800-க்கும் 1600-க்கும் உள்ள வித்தியாசத்தை மனிதக் கை உணரும் என்று சொல்வதைத்தான் ஏற்கவில்லை. புதிதாக வருபவர் முதலில் ஒரு சென்ஸைப் பிடித்துக்கொண்டு அதிலேயே பழகட்டும். வாரம் ஒரு டிபிஐ மாற்றினால் கை எதற்குமே பழகாது.

ஈயப்பத்து:
நீங்கள் இருவரும் தனி இழை தொடங்கிப் பேசுங்கள் ஐயா, நல்ல விஷயம்தான், நானும் வருகிறேன். இங்கே ஒருவர் ஞாயிற்றுக்கிழமைக்குள் வழி கேட்கிறார்.

ஸ்பைக், கேமுக்குள் மட்டும் வருகிறது, டெஸ்க்டாப்பில் இல்லை என்கிறீர்கள். அந்த ஒரு வரியில்தான் விஷயம் இருக்கிறது. மவுஸே பழுது என்றால் எல்லா இடத்திலும் வரும். விளையாடும்போது மட்டும் வேறு என்ன ஓடுகிறது? நண்பர்களோடு பேச டிஸ்கார்ட்? ரெக்கார்டிங்? டாங்கிள் எந்த போர்ட்டில் இருக்கிறது, பக்கத்து போர்ட்டில் என்ன செருகியிருக்கிறது? முடிந்தால் கேபினட்டின் பின்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள்.

மீனா_மெயின்:
விண்டோஸ் மவுஸ் செட்டிங்கில், கை நகரும் வேகத்துக்கேற்பக் கர்சர் வேகத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் "Enhance pointer precision" டிக்கையும் எடுத்துவிடச் சொல்லலாமா?

கோவை_கிளட்ச்:
எடுத்துவிடலாம், டெஸ்க்டாப்பில் பழக நல்லது. ஆனால் வாலரன்ட் மவுஸிடமிருந்து நேரடியாகத் தகவலை வாங்கிக்கொள்ளும். அந்த டிக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கேமுக்குள் மாறாது.

நெல்லை_ஸ்பைக்:
டாங்கிள் பின்னால் நீலப் போர்ட்டில். அதற்குப் பக்கத்து நீலப் போர்ட்டில் போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க். கிளிப் எடுத்துப் போடுவதற்காக எல்லா மேட்ச்சையும் ரெக்கார்ட் செய்து அதில்தான் சேமிக்கிறேன். இதற்கும் மவுஸுக்கும் என்ன சம்பந்தம்?

பழைய_பென்டியம்:
ரெக்கார்டிங் ஓடுகிறது என்பதை இப்போதுதான் சொல்கிறீர்கள். ப்ராசஸர் மூச்சு முட்டுகிறது. ரெக்கார்டிங்கை கிராபிக்ஸ் கார்டுக்கு மாற்றுங்கள்.

ஈயப்பத்து:
ப்ராசஸர் திணறினால் எஃப்பிஎஸ் இறங்கும். அவர் 144-க்குக் கீழே இறங்கவில்லை என்கிறார். எனக்கு அந்த ஹார்ட் டிஸ்க்மேல்தான் சந்தேகம்.

ஸ்பைக், சம்பந்தம் இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள். உங்கள் மவுஸ் டாங்கிளோடு பேசுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். நீலப் போர்ட் என்பது பெரும்பாலும் யூஎஸ்பி 3.0. அதில் தகவல் நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் ஓடும்போது ரேடியோ இரைச்சல் கிளம்பும். அது இந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் வந்து விழும். இன்டெல் நிறுவனமே 2012-ல் இதைச் சோதித்து அறிக்கை வெளியிட்டது. ஹார்ட் டிஸ்கிலிருந்தும், அதன் ஒயரிலிருந்தும், செருகும் முனையிலிருந்தும் இரைச்சல் வரும். ஒட்டியே டாங்கிள் இருந்தால், மவுஸ் அனுப்புவது அதன் காதில் விழாது. விழாத நேரத்தில் கிராஸ்ஹேர் நிற்கும். மறுபடி விழுந்ததும், கை அதற்குள் நகர்ந்துவிட்டதால் தாவும். நீங்கள் முதல் பதிவில் எழுதியது அப்படியே இதுதான்.

டெஸ்க்டாப்பில் ஏன் இல்லை என்றால், அப்போது டிஸ்க் சும்மா இருக்கிறது. மேட்ச் ஆரம்பித்ததும் ரெக்கார்டிங் நிற்காமல் எழுதிக்கொண்டே இருக்கிறது.

சோதிப்பது எளிது. ஒரு மேட்ச்சை உள்ளே இருக்கும் டிஸ்கில் ரெக்கார்ட் செய்யுங்கள், போர்ட்டபிள் டிஸ்கைக் கழற்றிவிடுங்கள். அப்புறம் டிஸ்கை மறுபடி மாட்டிவிட்டு, டாங்கிளை மட்டும் கேபினட்டின் முன்பக்கம் கறுப்புப் போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். முன்னால் போர்ட் இல்லையென்றால் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயர் ஒன்று வாங்கி டாங்கிளை மவுஸ் பேட் ஓரத்துக்கே கொண்டுவந்துவிடுங்கள். டிஸ்கிலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவு நல்லது.

வயர்_விசுவாசி:
வயர் மவுஸில் இந்தத் தொல்லையே கிடையாது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

மீனா_மெயின்:
அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காரணம் தெரியாமல் அவர் வேறொரு வயர்லெஸ் மவுஸை வாங்கி அதே போர்ட்டில் டாங்கிளைச் செருகியிருந்தால், காசும் போய் ஞாயிற்றுக்கிழமையும் போயிருக்கும்.

பழைய_பென்டியம்:
ஈயப்பத்து சொல்வதில் விஷயம் இருக்கிறது. இருந்தாலும் 125 ஹெர்ட்ஸ் மவுஸை வைத்துக்கொண்டு 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஆடுவது வீண். இது சரியானாலும் மவுஸை மாற்றத்தான் வேண்டும். 1000 போதும். 8000 ஹெர்ட்ஸ் என்று விளம்பரம் வருவதைப் பார்த்து மயங்க வேண்டாம். அத்தனை தகவலையும் வாங்கிக்கொள்ளும் வேலை ப்ராசஸருக்குத்தான். பழைய கம்ப்யூட்டரில் அதனாலேயே கேம் திணறும்.

கோவை_கிளட்ச்:
இதில் அண்ணாவோடு முழுக்க உடன்படுகிறேன்.

நெல்லை_ஸ்பைக்:
ஹார்ட் டிஸ்க்தான். டாங்கிளை முன்பக்கம் மாற்றியதும் நின்றுவிட்டது. ஈயப்பத்து அண்ணனுக்கு நன்றி. மீனா அக்கா சொன்ன ஜி102-ம் ஆர்டர் போட்டுவிட்டேன்.

மீனா_மெயின்:
மகிழ்ச்சி. வந்ததும் அடிப்பக்கத்தைப் பாருங்கள். சறுக்கும் பாதங்களின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள். அதோடு ஓட்டினால் பேட்டில் இழுத்துக்கொண்டு போவதுபோல இருக்கும். டிபிஐயை 800-ல் வைத்து, சென்ஸ் 0.35-லிருந்து தொடங்குங்கள். குறி இலக்கைத் தாண்டிப் போனால் கொஞ்சம் குறையுங்கள், எட்டாமல் நின்றால் கொஞ்சம் கூட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வந்துவிடுமா?

ஈயப்பத்து:
பில்லையும் டப்பாவையும் பத்திரமாக வையுங்கள். எந்த மவுஸானாலும் வழக்கமாக முதலில் போவது இடது பட்டனின் சுவிட்ச்தான். உள்ளே இருக்கும் மெல்லிய செம்புத் தகடு தளர்ந்துவிட்டால் ஒரு தட்டுக்கு இரண்டு கிளிக் விழும். வாரன்டி இருக்கும்வரை நீங்களே திறக்காதீர்கள். முடிந்த பிறகு சுவிட்சை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், சின்னச் செலவுதான்.

கோவை_கிளட்ச்:
800-க்கும் 1600-க்கும் தனி இழை தொடங்கிவிட்டேன். பென்டியம் அண்ணா, அங்கே வாருங்கள்.